முக்கோணத்துல அடங்காத மாயா: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மாயா பிரமிட் பத்தி நாலு வரி எழுதினதுதான் எழுதினேன், கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. அதுல முக்காவாசி ஒரே விஷயம், அங்க யார் மேல யார் கீழ, எதை வச்சு பிரிச்சாங்கன்னு. சரி, இந்த வாரம் வேற சப்ஜெக்டே வேண்டாம்.

கேள்வி: என் பொண்ணுக்கு ஸ்கூல்ல மாயா சமூகம்னு ப்ராஜெக்ட். ஒரு முக்கோணம் வரைஞ்சு உச்சில ராஜா, கீழ பூசாரி, பிரபு, வியாபாரி, விவசாயி, கடைசில அடிமைன்னு கோடு போட்டா போதுமா?

பதில்: மார்க்குக்கு போதும், தாராளமா வரையட்டும். ஆனா உங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன், அந்த முக்கோணத்துல ரெண்டு காலத்தை ஒண்ணா ஒட்டி வச்சிருக்காங்க. மாயான்னா ஒரே நாடு, ஒரே சக்கரவர்த்தின்னு நினைச்சுக்கறோம், அப்படி ஒண்ணு இருந்ததே கிடையாது. இன்னைக்கு தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் மேற்குப் பக்கம், எல் சால்வடார்னு பரவிக் கிடந்த ஊர்கள், ஒவ்வொண்ணுக்கும் தனி ராஜா, தனிச் சண்டை. கி.பி. 250ல இருந்து 900 வரைக்கும் இருக்கற காலத்துக்கு நமக்கு சாட்சி கல்வெட்டும் சுவரோவியமும்தான், அதுல பேசறது முழுக்க ராஜாவும் அவர் ஆளுங்களும். இன்னொரு சாட்சி அதுக்கு கிட்டத்தட்ட 650 வருஷம் கழிச்சு யுகட்டான்ல, அதாவது மெக்சிகோவோட கிழக்குத் தீபகற்பத்துல, இருந்த ஸ்பானிஷ் பாதிரியார் டியேகோ தெ லாண்டா. இந்த மனுஷன் 1562ல மானிங்கற ஊர்ல 27 மாயா புத்தகத்தை நெருப்புல போட்டார், அப்பறம் 1566 வாக்குல அதே மாயா ஜனங்களோட வாழ்க்கையை உக்காந்து விலாவாரியா எழுதியும் வச்சார், இவரைத் திட்டறதா நன்றி சொல்றதான்னே தெரியாம ஆராய்ச்சிக்காரங்க இன்னைக்கும் அவரைத்தான் புரட்டிட்டு இருக்காங்க. ஸ்கூல் புக்ல ராஜாவுக்குப் போடற 'குஹுல் அஹாவ்'ங்கற பட்டம் கல்வெட்டுல இருந்து வந்தது, வட்டாரத் தலைவரைச் சொல்ற 'ஹலாச் உய்னிக்' 16ம் நூற்றாண்டு யுகட்டான் வார்த்தை. ரெண்டையும் ஒரே முக்கோணத்துல பார்த்தா சிரிச்சுக்கோங்க.

நிஜத்துல தடிமனா இருந்த கோடு ஒண்ணுதான். ஒரு பக்கம் பிரபு குடும்பம், இந்தப் பக்கம் மத்த எல்லாரும். பூசாரி, எழுத்தர், படைத்தலைவர், பெரிய வியாபாரி இவங்க எல்லாம் தனித்தனி அடுக்கு இல்ல, பெரும்பாலும் அந்த மேல் பக்கத்துக் குடும்பங்கள்ல இருந்து வந்தவங்க. லாண்டாவே சொல்றார், பூசாரி வேலைக்குப் படிக்க வச்சது பூசாரி பிள்ளைங்களையும் பிரபுக்களோட ரெண்டாவது பையன்களையும்னு. மூத்தவனுக்கு பதவி, இளையவனுக்கு பூஜை. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு அடுக்கு எப்படி வரும் சொல்லுங்க?

கேள்வி: அந்தக் கோட்டுக்கு மேல இருக்கறவங்கன்னு எப்படி முடிவு பண்ணாங்க? பணமா, ஜாதி மாதிரி பிறப்பா?

பதில்: பிறப்புதான், ஆனா அதுல ஒரு நுணுக்கம் இருக்கு. யுகட்டான் மாயா பாஷைல பிரபுவுக்கு 'அல்மெஹென்'னு பேர். 'அல்'னா ஒரு அம்மா பெத்த பிள்ளை, 'மெஹென்'னா ஒரு அப்பாவோட பிள்ளை. ரெண்டையும் சேர்த்துச் சொன்னா அம்மா வழியும் தெரியும் அப்பா வழியும் தெரியும்ங்கற ஆள்னு அர்த்தம். எல்லாருக்கும்தான் அம்மா அப்பா இருக்காங்க, ஆனா உன் தாய்வழி யாரு தகப்பன்வழி யாருன்னு கேட்டா தலைமுறை தலைமுறையா பேர் சொல்ற வீடு எது, அதுதான் அங்க சொத்து. கல்வெட்டுலயும் பாருங்க, ராஜா தன் பேரைச் சொன்ன கையோட இன்ன அம்மாவுக்குப் பிறந்தவன் இன்ன அப்பாவுக்குப் பிறந்தவன்னு ரெண்டு பக்கமும் சொல்லிக்குவார்.

ஆனா தொழிலுக்குத் தொழில் கூண்டு கட்டி இவன் இதைத்தான் செய்யணும்னு அடைச்சு வச்சதா தெரியல. அதனால ஜாதிங்கற வார்த்தையை அங்க கொண்டு போய் மாட்டினா சரியா உக்காராது.

கேள்வி: பதவிக்கு வர்றவங்களுக்கு விடுகதை போட்டு டெஸ்ட் வச்சாங்களாமே, நிஜமா?

பதில்: நிஜம், எனக்கு இதுல பிடிச்ச சமாச்சாரமே இதுதான். சுமயேல்ங்கற ஊர்ல கிடைச்ச சிலாம் பாலாம்ங்கற யுகட்டான் மாயா சுவடில 'சுயுவா மொழி'ன்னு ஒரு பகுதி இருக்கு. ஊர்த் தலைவர்கள்ல யாரு அசல் பரம்பரை, யாரு நடுவுல புகுந்தவன்னு கண்டுபிடிக்க ஹலாச் உய்னிக், அதாவது அந்த வட்டாரத்துக்கே தலைவர், ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுக் கேக்கறார்: "மகனே, சூரியனைத் தட்டுல வச்சு எடுத்துட்டு வா. அதோட நெஞ்சுல வானத்து ஈட்டி குத்தியிருக்கணும், மேல ஒரு பச்சை ஜாகுவார் உக்காந்து ரத்தம் குடிக்கணும்." கேக்கவே பயமா இருக்குல்ல? பதில் என்ன தெரியுமா, பொரிச்ச முட்டை! மஞ்சக்கரு சூரியன், ஈட்டிங்கறது ஜெபம், அந்தப் பச்சை ஜாகுவார் பச்சை மிளகாய். (முட்டையைப் பொரிக்கறது, ஜெபம்லாம் ஸ்பானிஷ்காரங்க வந்தப்பறம் உள்ள நுழைஞ்ச சரக்கு, விடுகதை போட்டுப் பாக்கற பழக்கம் மட்டும் பழசு.) இந்த பதில் அப்பா பிள்ளைக்கு வீட்டுக்குள்ள சொல்லிக் கொடுத்தாதான் தெரியும். தெரியலன்னா பதவி போச்சு, தண்டனையும் உண்டு.

கேள்வி: ராஜா தன்னைக் கடவுள்னு சொல்லிக்கிட்டாரா?

பதில்: 'குஹுல் அஹாவ்'னா புனிதமான பிரபு. முழுக் கடவுள்னு சொல்ல மாட்டேன், கடவுள்கிட்ட லைன் போட்டுக் கொடுக்கற ஆள்னு வச்சுக்கோங்க. அந்த லைனுக்கு விலை ரத்தம், அதுவும் சொந்த ரத்தம். யாஷ்சிலான்ங்கற மாயா ஊர்ல இருந்த ஒரு நிலைப்படிக் கல் இப்ப லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, 709ம் வருஷத்து சடங்கைச் செதுக்கியிருக்காங்க. ராணி கபால் ஷோக் முட்டி போட்டிருக்கா, நாக்குல ஓட்டை போட்டு முள்ளு வச்ச கயித்தை உள்ள விட்டு இழுக்கறா, கீழ கூடைல இருக்கற காகிதத்துல ரத்தம் சொட்டுது, பக்கத்துல புருஷன் பெரிய தீப்பந்தத்தைப் பிடிச்சுட்டு நிக்கறார். அவ போட்டிருக்கற உடுப்போட நெசவுக் கோலம் ஒவ்வொண்ணும் கல்லுல எண்ணிப் பாக்கற மாதிரி இருக்கு. வலியைக் காட்டற அதே கல்லுல அந்தஸ்தையும் காட்டிட்டான் சிற்பி. மேல இருக்கறவங்களுக்கு சுகம் மட்டும்தான்னு நினைக்கறவங்க அந்தக் கல்லை ஒரு நிமிஷம் பாத்தா போதும்.

சிம்மாசனம் விஷயத்துல ஒரு சின்ன தகவல். அதிகாரத்தோட அடையாளம் அங்க பாய். 'போப்'னா பாய், 'ஹோல்போப்'னா பாயோட தலைமாட்டுல உக்கார்ற ஆள், அதுவே ஒரு பதவிப் பேர்.

கேள்வி: பெண்கள் ஆட்சி பண்ணிருக்காங்களா?

பதில்: பண்ணிருக்காங்க. பலெங்கேங்கற ஊர்ல யோல் இக்னால் 583ல பட்டத்துக்கு வந்தாங்க. இன்னொருத்தங்க இன்னும் கெட்டி. டோஸ் பிலாஸ்ங்கற ஊர் ராஜாவோட பொண்ணு, நாம 'ஆறு வானம் ராணி'ன்னு கூப்பிடறோம், 682ல நாரஞ்ஹோங்கற நொடிச்சுப் போன ஊருக்கு வந்து இறங்கினாங்க. 688ல ஒரு பையன் பிறந்தான், 693ல அஞ்சு வயசுப் பையனை ராஜாவா உக்கார வச்சாச்சு, அஞ்சு வயசுல அவன் என்னத்த ஆண்டிருப்பான். ஊர்க் கல்லுல கைதி மேல கால் வச்சு நிக்கறது அம்மாதான்.

கேள்வி: வரி எப்படி வாங்கினாங்க? காசு இருந்துச்சா?

பதில்: உலோகக் காசு கிடையாது. கக்காவ் கொட்டை, அதான் சாக்லேட் பண்ற கொக்கோ, பருத்தித் துணி, கெட்ஸால் பறவையோட பச்சை வால் இறகு, பச்சைக்கல், இதெல்லாம்தான் செல்வம். தெற்கு மெக்சிகோவோட சியாபாஸ் காட்டுல போனம்பாக்னு ஒரு ஊர், அங்க ஒரு சின்ன கட்டடத்துல மூணு ரூம் முழுக்க 790 வாக்குல வரைஞ்ச ஓவியம். முதல் ரூம்ல வெள்ளை அங்கி போட்ட பிரபுக்கள் வரிசையா நிக்கறாங்க, மேல ராஜ குடும்பம் மேடைல. சிம்மாசனத்துக்குப் பக்கத்துல ஒரு மூட்டை, அது மேல எழுத்து, 'அஞ்சு பி கக்காவ்'. மாயா கணக்கு இருபது இருபதா போகும், இருபது இருபது இருபதை பெருக்கினா 8,000, அதுக்குப் பேர்தான் 'பி'. அப்ப அஞ்சு பின்னா 40,000 கொட்டை. மூட்டைல லேபிள் ஒட்டி வச்ச மாதிரி ஓவியத்துல எழுதி வச்சிருக்கான் பாருங்க, அங்கதான் எனக்கு அந்த ராஜா கிட்டக்க வந்துட்டார்.

இது போக உழைப்பு. தலைவர் வீட்டை ஊரே சேர்ந்து கட்டிக் கொடுக்கணும், அவர் நிலத்துல விதைச்சுக் கொடுக்கணும்னு லாண்டா எழுதறார். பெரிய பெரிய கோபுரத்துக்குக் கல்லு தூக்க வண்டியும் இல்ல மாடும் இல்ல, எல்லாம் மனுஷன் முதுகு.

கேள்வி: எழுதத் தெரிஞ்சவங்க எந்த வர்க்கம்? சம்பளத்துக்கு எழுதினவங்களா?

பதில்: கூலிக்கு எழுதற குமாஸ்தான்னு நினைச்சா தப்பு. நாரஞ்ஹோல அஹ் மஷாம்னு ஒரு ஓவியர், ராஜா குடிக்கற கக்காவ் குவளைல கையெழுத்து போட்டிருக்கார், கையோட நான் இந்த ராஜாவோட மகன், அம்மா யாஷ்ஹா ஊர்ப் பெண்ணுன்னும் எழுதிட்டார். ராஜகுமாரன் உக்காந்து குவளைக்கு பெயின்ட் அடிச்சிருக்கான்! எழுத்துங்கறது அங்க அந்தஸ்து, அதனாலதான் ஊர் தோத்தா முதல்ல அடி விழறதும் அந்தக் கைக்கே. போனம்பாக் ரெண்டாவது ரூம்ல கைதிகளோட விரல்ல ரத்தம் சொட்டறதை வரைஞ்சிருக்காங்க, ஜெயிச்ச ராஜா படிக்கட்டு உச்சில. எதிரி ராஜாவோட புகழை எழுதற விரலை முதல்ல முடக்கினாங்கன்னு ஒரு ஆய்வாளர் வாதம் பண்றார், எனக்கு அது நியாயமாத்தான் படுது.

கேள்வி: வியாபாரிகள் நடுத்தர வர்க்கமா?

பதில்: இங்கதான் கோடு கலங்குது. தூர தேசத்து வியாபாரம் பண்ணவங்க பெரிய இடம். யுகட்டான்ல மாயாப்பான்ங்கற ஊரை ஆண்ட கோகோம் குடும்பம் சொந்த ஜனத்தையே அடிமையா வித்தாங்கன்னு 1441 வாக்குல ஷியூ குடும்பம் தலைமைல கலகம் வந்து அந்தக் குடும்பத்தையே வெட்டிப் போட்டாங்க, தப்பிச்சது ஒரே ஒரு பையன், ஏன்னா அவன் அப்ப ஹோண்டுராஸ் பக்கம் உலுவாவுக்கு வியாபாரத்துக்குப் போயிருந்தான். ஆளற வீட்டுப் பிள்ளையே சரக்கு ஏத்திட்டுப் போறான்னா வியாபாரத்தை எந்தக் கோட்டுல வைப்பீங்க?

1502ல கொலம்பஸ் நாலாவது பயணத்துல ஹோண்டுராஸ் தீவுகள் கிட்ட ஒரு படகைப் பிடிச்சார். ஒரே மரத்தைக் குடைஞ்சது, எட்டடி அகலம், 25 பேர் துடுப்பு போடறாங்க, நடுவுல ஓலைக் கூரை, அதுக்குள்ள பொம்பளைங்க குழந்தைங்க, சரக்குன்னு பாத்தா வண்ணத் துணி, கல் பல்லு வச்ச மரவாள், செம்புக் கோடாலி, கொஞ்சம் கக்காவ் கொட்டை. அந்தக் கொட்டைல ஒண்ணு கீழ விழுந்தா போதும், கண்ணே கழண்டு விழுந்த மாதிரி பதறிக் குனிஞ்சு எடுத்தாங்களாம், கொலம்பஸோட பையன் ஃபெர்டினாண்ட் எழுதி வச்சிருக்கார். ஸ்பானிஷ்காரங்களுக்கு அது ஏதோ பாதாம் மாதிரி தெரிஞ்சுது, அவங்களுக்கு அது காசு.

சின்ன வியாபாரிங்க வேற ரகம். கலாக்முல்ங்கற ஊர்ல ஒரு சின்ன பிரமிட்டோட சுவர்ல ஓவியம் கிடைச்சது, அதுல ராஜா இல்ல, சண்டை இல்ல, கைதி இல்ல. ஒருத்தர் பக்கத்துல 'சோளக் கஞ்சிக்காரர்', இன்னொருத்தர் பக்கத்துல 'உப்புக்காரர்', 'புகையிலைக்காரர்'னு எழுத்து. ஒரு பொம்பளை உடம்பு தெரியற மெல்லிசான நீல உடுப்புல, இன்னொரு பொம்பளை தலைல பெரிய பானையை ஏத்தி விடறா. அந்த நீல உடுப்புக்காரி முகத்துல அலங்காரம் இருக்கு, பானை தூக்கறவளுக்கு சாதா துணி, ரெண்டு பேரும் ஒரே பானையைப் பிடிச்சிட்டு இருக்காங்க. கரகோல் ஊர்ல நிறைய சாதாரண வீட்டுலயே கல்லறை அறையும் பச்சைக்கல் பதிச்ச பல்லும் கிடைக்குது, அதனால நடுவுல ஒரு வசதியான கூட்டம் இருந்துதான் இருக்கணும்னு அங்க தோண்டறவங்க சொல்றாங்க.

கேள்வி: மண்டையை நீட்டிக்கிட்டது உயர்ந்தவங்க மட்டும்தானே?

பதில்: இல்ல. பிறந்த குழந்தை தலைல பலகை வச்சுக் கட்டற பழக்கம் எல்லா மட்டத்துலயும் இருந்துச்சு, எலும்புக்கூடு காட்டிக் கொடுத்துருச்சு.

கேள்வி: சாதாரண ஜனம் எப்படித்தான் வாழ்ந்துச்சு? எல்லாரும் ராஜா கதையே சொல்றீங்க.

பதில்: நியாயமான கோபம். அவங்க எழுதி வைக்கல, ஓலை வீடு மக்கிப் போச்சு, அதனால தப்பிச்ச ஒரே ஒரு கிராமத்தைச் சொல்றேன். எல் சால்வடார்ல ஹோயா தெ செரென். மாயா உலகத்தோட ஓரத்துல இருந்த விவசாய ஊர், கி.பி. 600கள்ல பக்கத்துல எரிமலை வெடிச்சு சாம்பல் அஞ்சு மீட்டர் கிட்ட மூடிருச்சு. 1976ல புல்டோசர் ஓட்டினப்ப தற்செயலா வெளிய வந்துச்சு, ஊருக்குள்ள ஒரு பிணம் கூட இதுவரை கிடைக்கல, அப்ப ஜனம் ஓடித் தப்பிச்சிருக்கு. ராத்திரி சாப்பாடு முடிஞ்ச நேரம் போல, பாத்திரம் கழுவல, படுக்கற பாய் இன்னும் விரிக்கல. கல் கத்தியை குழந்தைங்க கைக்கு எட்டாம கூரை ஓலைல செருகி வச்சிருக்காங்க. ஒரு வாத்து கட்டின கயித்தோட அங்கேயே செத்துக் கிடந்துச்சு. பாவம், அதை அவுத்து விட நேரம் இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஒரு வீட்டுக்கு 70 பானை சட்டி கிட்ட இருந்துச்சு, அதுல வெளியூர்ல இருந்து வாங்கின வண்ணப் பாத்திரமும் உண்டு. ஒரு வீட்டுத் தோட்டத்துல கயிறு திரிக்கறதுக்கு வரிசையா கத்தாழை, தன் தேவைக்கு மேல, அப்ப வித்திருக்காங்க. ஊருக்குப் பொதுவா வேர்வைக் குளியல் அறை, பெஞ்ச் வச்ச ஒரு கூடம். வரி கட்டியே காஞ்சு போன ஜனம்ங்கற நம்ம கற்பனைக்கு இந்த ஊர் ஒத்தே வர மாட்டேங்குது. எல்லா ஊரும் இப்படித்தான்னு சொல்ல வரல, சோளமும் பீன்ஸும் பூசணியும் பொய்ச்ச வருஷம் யாருக்கு முதல்ல பசிச்சிருக்கும்னு எல்லாருக்கும் தெரியும்.

கேள்வி: அடிமைகள் யாரு? அதுல இருந்து மேல வர முடியுமா?

பதில்: சண்டைல பிடிபட்ட சாதாரண ஆள், திருடி மாட்டினவன், அநாதைக் குழந்தை, விலைக்கு வாங்கினவங்க, அடிமைக்குப் பிறந்தவங்க. பெரிய இடத்துக் கைதின்னா அடிமைக்கு விட மாட்டாங்க, பலி. சட்டமும் ஆளுக்கு ஆள் மாறுச்சு: சாதாரண ஆள் திருடினா அடிமை, பிரபு திருடினா தாடைல இருந்து நெத்தி வரைக்கும் ரெண்டு கன்னத்துலயும் முகத்தைக் கீறிப் பச்சை குத்தி விட்டாங்க. ஜென்மத்துக்கும் மறைக்க முடியாத மாதிரி.

மேல வந்த கதைன்னா ஒரு வெளியூர்க்காரன் கதைதான் இருக்கு. 1511ல கப்பல் உடைஞ்சு ஸ்பானிஷ்காரங்க கொஞ்ச பேர் யுகட்டான்ல ஒதுங்கினாங்க, கடைசில மிஞ்சினது ரெண்டே பேர், ரெண்டு பேரும் அடிமை. ஹெரோனிமோ தெ அகிலார் வேலைக்காரனாவே காலம் தள்ளி 1519ல மெக்சிகோவைப் பிடிக்க வந்த ஸ்பானிஷ் தளபதி கோர்டெஸோட கப்பல் வந்ததும் ஓடிப் போய் ஏறிட்டார். இன்னொருத்தர் கொன்சாலோ கெரேரோ செதுமால்ங்கற ஊர்த் தலைவர் நச்சான் கான்கிட்ட சேர்ந்து படை நடத்தி, பெரிய இடத்துப் பொண்ணைக் கட்டி, காது குத்தி, பச்சை குத்திக்கிட்டு அங்கேயே பிரபுவாயிட்டார். வாப்பா போலாம்னு அகிலார் கூப்பிட்டதுக்கு, என் முகத்தைப் பாரு, இதோட நான் எங்க வர்றது, இங்க எனக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்குன்னுட்டார். அவருக்கு அம்மா வழியும் இல்ல அப்பா வழியும் இல்ல அந்த ஊர்ல, ஆனா அவர் பிள்ளைங்களுக்கு அம்மா வழி இருந்துச்சு.

கேள்வி: ராஜாக்கள் போனதும் ஜனமும் அழிஞ்சு போச்சா?

பதில்: இல்லீங்க. 800களுக்கு மேல தெற்குப் பக்கம் வறட்சி, சண்டை, எல்லாம் சேர்ந்து ஊர் ஊரா கல்வெட்டு நின்னு போச்சு, பழைய முறைல தேதி போட்ட கடைசிக் கல் தோனினாங்கற ஊர்ல 909ம் வருஷத்தது. ரத்தம் கொடுத்து மழை வாங்கித் தர்றேன்னவர் மழை வாங்கித் தரல, அப்பறம் அவருக்கு எதுக்குக் கல்லு தூக்கணும்? ஜனம் நிறைய பேர் வடக்கே, கடலோரம்னு போனாங்க, கொஞ்சம் பேர் அங்கேயே கிடந்தாங்க. குஹுல் அஹாவ்ங்கற பட்டத்தை இன்னைக்கு யாரும் போட்டுக்கறது இல்ல, மாயா பாஷைகள் பேசறவங்க பல லட்சம் பேர் இப்பவும் அதே மண்ணுல சோளம் விதைக்கறாங்க.

சாக்லேட் பத்தி வந்த கேள்விகள் அடுத்த இதழ்ல.